நடுவில் புரண்ட சுருள்

"ஒரு வரி போதும்," என்றாள் முதலாளியின் மகள். "அவ கவ்வியைச் சரியா முடுக்கல. அது பறந்து வந்து எங்கப்பா நெத்தியில அடிச்சுது. இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டு நீங்க கிளம்பலாம்."

"ஒரு வரிக்கா எங்களை இவ்வளவு தூரம் வரவழைச்சீங்க?" என்றான் கொழுந்தன். "தபால்லயே அனுப்பியிருப்போமே."

அவள் பார்த்த பார்வையில் பால் திரிந்திருக்கும். கூந்தலை இடது பக்கமாகச் சரித்துவிட்டு, பாதி முகம்தான் வெளியே தெரியும்படி நின்றிருந்தாள். அந்தப் பாதியே இரண்டு பேரைச் சுட்டெரிக்கப் போதுமானதாக இருந்தது.

அண்ணி அறையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முறைப்படி பார்த்தால் அவள் கொழுந்தன் ஒருவனுக்குத்தான் அண்ணி. இறந்துபோன புருஷனின் தம்பி அவன். நாலு பேர் முன்னால் அவன் அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, இன்று போலீஸ், வக்கீல், பிணவறைக் காவலாளி வரைக்கும் எல்லோருக்கும் அவள் அண்ணி ஆகிவிட்டாள். பட்டறை விபத்துகளை ஆராய்ந்து அறிக்கை கொடுப்பது அவள் தொழில். பையைத் தூக்குவது, குறிப்பு எழுதுவது, வேண்டாத நேரத்தில் வாயைத் திறப்பது, இந்த மூன்றும் கொழுந்தனின் தொழில். மூன்றாவதை அவன் யாரும் கேட்காமலேயே செய்து கொடுப்பான்.

ரப்பர் பட்டறையின் ஒட்டும் அறை அது. நீளமாக ஒரு மேஜை. ஒரு முனையில் சுவரோடு பதித்த இரும்புக் கவ்வி, எட்டடி தள்ளி மறுமுனையில், மேஜையில் கொக்கி போட்டுத் திருகால் முடுக்கும் இன்னொரு கவ்வி. ஓரத்தில் ஒரு கூடை நிறைய உதிரிக் கவ்விகள். மூன்று நாள் முன்பு, மதியம் இரண்டே முக்காலுக்கு, சுவர்க் கவ்வியின் அடியில்தான் முதலாளி செத்துக் கிடந்தார். அவர் தலைக்குப் பக்கத்தில் ரத்தம் பட்ட கவ்வி. கவ்வியின் வாயில் ரப்பர் வார். வாரின் மறு நுனி இன்னும் சுவரில் மாட்டியிருந்தது. அந்த நேரத்தில் ஆட்கள் எல்லோரும் பின்கட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டரைக்கு அவர் உள்ளே போனதைப் பார்த்திருந்த காவலாளிதான் முதலில் வந்து கத்தினான்.

"மணி மூணு," என்றார் இன்ஸ்பெக்டர். "நாலு மணிக்கு இவளை கோர்ட்டுல நிறுத்தணும். வண்டி வெளியில நிக்குது. உங்க ஆராய்ச்சியை அதுக்குள்ள முடிச்சுக்கங்க அண்ணி. நான் அனுமதி கொடுத்ததே அந்தம்மா கேட்டாங்கன்னுதான்."

இவள் என்று அவர் சொன்னது பசையக்காவை. மூலையில் ஒரு முக்காலியில், பெண் போலீசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பதினைந்து வருஷமாக இந்த மேஜையில் வார் ஒட்டியவள். கவனக்குறைவால் சாவு என்று வழக்கு. நிரூபணமானால் மூன்று வருஷம் உள்ளே. நேற்று பிடிபட்டதிலிருந்து அவள் வாயிலிருந்து வந்தது ஒரே வாக்கியம்தான்: "என் கவ்வி நழுவாது." அதற்கு மேல் இன்ஸ்பெக்டர் மிரட்டியும் பேச்சு வரவில்லை, கெஞ்சியும் வரவில்லை.

அண்ணி முக்காலி அருகே போய் நின்றாள். "அன்னிக்கு என்ன நடந்துச்சு? உன் வாயால சொல்லு."

"அவங்க கூப்பிட்டு வந்த ஆள்தானே நீங்க? உங்ககிட்ட எனக்கு என்ன பேச்சு?"

"பேசாட்டி மூணு வருஷம்."

"பேசினா விட்டுருவாங்களோ?" என்று கேட்டுவிட்டு பசையக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கொழுந்தன் நோட்டுப் புத்தகத்தில் 'அன்பான உபசரிப்பு' என்று எழுதி அடிக்கோடு போட்டான்.

இந்தப் பட்டறையில் செய்வது ஒரே சரக்கு. உயரத்தில் ஏறி வேலை பார்க்கும் மெக்கானிக்குகள் ஸ்பேனர் கீழே விழாமல் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் சுருள் வார். செய்முறை அண்ணிக்குக் காலையிலேயே அத்துப்படி ஆகிவிட்டது. மெல்லிய ரப்பர் வார் ஒன்றை எட்டடிக்கு இழுத்து இரண்டு கவ்வியிலும் மாட்ட வேண்டும். அதன் முதுகில், இழுக்காத இன்னொரு வாரைப் பசை தடவி ஒட்ட வேண்டும். பசை தொட்டவுடனே கவ்விக்கொள்ளும். ஆனால் ஓரத்தில் பிதுங்கி நிற்பது காய மூன்று மணி நேரம் ஆகும். காய்ந்த பிறகு கழற்றினால், அடியில் இருப்பது சுருங்கப் பார்க்கும், முதுகில் இருப்பது சுருங்கமாட்டேன் என்று முரண்டு பிடிக்கும். இரண்டும் ஒன்றை ஒன்று விடவும் முடியாமல், ஒத்துப்போகவும் முடியாமல் முறுக்கிக்கொண்டு சுருளாகிவிடும்.

"கல்யாணம்னு ஒரே வார்த்தையில சொல்லியிருக்கலாம்," என்று கொழுந்தன் அப்போது சொன்னான். அண்ணி கேட்காத மாதிரி இருந்துவிட்டாள்.

எந்த வார் எப்போது ஒட்டியது என்று மேஜை விளிம்பில் சாக்கட்டியால் நேரம் எழுதுவது இங்கே வேதவாக்கு. எழுதிய நேரத்திலிருந்து மூன்று மணி நேரத்துக்கு யாரும் வாரைத் தொடக்கூடாது. ஒருமுறை எழுத மறந்தாலும் அன்றே சீட்டைக் கிழித்து அனுப்பிவிடுவார் முதலாளி. விளிம்பில் இப்போதும் 'பத்து' என்று எழுதியிருந்தது.

அண்ணி ஜன்னல் பக்கம் போனாள். வெளியே காவலாளி வளர்த்த பீர்க்கங்கொடி ஜன்னல் கம்பிகளைப் பிடித்து ஏறியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணி," என்று கொழுந்தன் கிசுகிசுத்தான், "ஒரு மணி நேரத்துல ஒரு பொம்பளை ஜெயிலுக்குப் போறா. நீங்க காய் பறிக்கலாமான்னு பாக்கறீங்க."

"இந்தச் சுருளைப் பாரு. கம்பியைப் பிடிச்சிருக்கே, இது. எந்தப் பக்கமா சுத்தியிருக்கு?"

அவன் மூக்கைக் கம்பியில் வைத்துப் பார்த்தான். "வலஞ்சுழி. இல்ல, இருங்க. பாதி வரைக்கும் வலஞ்சுழி. நடுவுல ஒரு புரட்டு. அப்புறம் இடஞ்சுழி. இதுவும் உங்களை மாதிரிதான். பாதி வழியில மனசு மாறிடுது."

"இப்ப இதைப் பாரு. இது எதையும் பிடிக்கல, காத்துல தொங்குது."

"இது முழுக்க ஒரே பக்கம்."

"ஏன்?"

"கடவுளைத்தான் கேக்கணும்."

"நுனி சும்மா இருந்தா, சுருளச் சுருள நுனியும் கூடவே சுத்தும். அதனால ஒரே பக்கமா முறுக்கு ஏறும். ரெண்டு நுனியையும் கட்டிப்போட்டா நுனி சுத்த முடியாது. இந்தப் பக்கம் பத்து சுத்து ஏறினா, அந்தப் பக்கம் பத்து சுத்து எதிரா ஏறியாகணும். நடுவுல புரண்டே தீரணும்." அண்ணி குரலைத் தாழ்த்தினாள். "காலையில ஸ்டேஷன்ல பார்த்த வார் எப்படி இருந்துச்சு?"

கொழுந்தன் நோட்டைப் புரட்டினான். இன்ஸ்பெக்டர் பீரோவைத் திறந்து, சீல் வைத்த காகிதப் பையைப் பிரித்துக் காட்டியது அது. சுருளோடு சுருள் ஒட்டி உறைந்து கிடந்தது. பிரித்தால் பிரியாது. அண்ணி அதைப் படமாக வரைந்து வைத்திருந்தாள். பாதி வலஞ்சுழி, நடுவில் ஒரே ஒரு புரட்டு, மீதி இடஞ்சுழி.

அவன் சிரிப்பு நின்றுபோயிற்று. "அப்ப கவ்வி நழுவிப் பறக்கல."

"பறந்திருந்தா நுனி பம்பரமா சுத்தியிருக்கும், சுருள் ஒரே பக்கமா இருந்திருக்கும். இது சுருளும்போது ஒரு நுனி சுவர்ல இருந்துச்சு. இன்னொண்ணு யாரோட முஷ்டியிலயோ இருந்துச்சு."

"முதலாளி செத்தது?"

"கவ்வியாலதான். ஆனா அது தானாப் பறந்து வரல."

அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார் மாப்பிள்ளை. முதலாளிக்கு மாப்பிள்ளை, அதனால் பட்டறைக்கே மாப்பிள்ளை. தேய்த்த சட்டை, பளபளக்கும் ஷூ. மேஜை வேலை என்ன என்று ஒரு நாளும் கையால் தொட்டுப் பார்க்காதவர் என்று ஆட்கள் சொன்னார்கள். இடது கையில் டீ டம்ளர், வலது கை பேன்ட் பாக்கெட்டில். கொழுந்தன் மரியாதைக்குக் கையை நீட்டினான். அவர் டம்ளரை உயர்த்திக் காட்டிவிட்டு அப்படியே நின்றார். நீட்டிய கையால் கொழுந்தன் தன் தலையைச் சொறிந்துகொண்டான்.

"இன்னும் முடியலையா?" என்றார் மாப்பிள்ளை. "என் மாமனார் காரியம் இன்னும் பாக்கி கிடக்கு. இந்தப் பொம்பளை ஒழுங்கா வேலை பார்க்கலைங்கறது ஊருக்கே தெரியும். இதுல தோண்டித் துருவ என்ன இருக்கு?"

"அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க?" என்றாள் அண்ணி.

"எல்லாம் எழுதிக் கொடுத்தாச்சு. ஆபீஸ் ரூம்ல. காவலாளி கத்தினதும் ஓடி வந்தேன். இந்த வாசப்படியிலயே நின்னுட்டேன். ரத்தம் பார்த்தா எனக்கு ஆகாது. உள்ளேயே வரல."

"பாவம்," என்றான் கொழுந்தன். மாப்பிள்ளை அதை அனுதாபம் என்றே எடுத்துக்கொண்டார்.

அண்ணி இன்ஸ்பெக்டரிடம் திரும்பினாள். "ஒரு வாரை மாட்டி, கவ்வி நழுவுற மாதிரி விட்டுக் காட்டறேன். பாத்துட்டு முடிவு பண்ணுங்க."

"பத்து நிமிஷம்," என்றார் இன்ஸ்பெக்டர்.

விபத்துக்கு முன்பே ஒட்டிக் காய்ந்த வார்கள் ஓரத்தில் இரண்டு பெட்டிகளில் இருந்தன. கொழுந்தன் கைக்குக் கிடைத்த ஒன்றை எடுத்து இழுத்து மாட்டினான். நடுவில் புரளும் கதையை அண்ணி எல்லோருக்கும் விளக்கினாள், ஜன்னல் கொடியையும் காட்டினாள். பிறகு கவ்வியின் கொக்கியைத் தட்டிவிட்டாள். படார் என்று ஓர் ஓசை. கவ்வி சுவரில் மோதித் துள்ளிக் கீழே தொங்கியது. பத்து வருஷமாக ஓடாத கொழுந்தன் ஒரே தாவலில் கதவுக்குப் பின்னால் இருந்தான்.

இன்ஸ்பெக்டர் குனிந்து வாரைத் தூக்கிப் பார்த்தார். அவர் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு பரவியது.

"அண்ணி, நுனியை விட்டா ஒரே பக்கமா சுருளும்னீங்க. இது இங்க புரண்டிருக்கு. இங்கயும் புரண்டிருக்கு. மூணு, நாலு, அஞ்சு இடத்துல புரண்டிருக்கு. யாரு முஷ்டியில இருந்துச்சாம் இது? பேயா வந்து பிடிச்சுது?"

மாப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்தார். முதலாளி மகள் சிரிக்கவில்லை. "இதுக்காகவா உங்களை அழைச்சேன்? என் பக்கம் பேச வந்துட்டு, என் அப்பனைக் கொன்னவளுக்கு வக்காலத்து வாங்கறீங்களா?"

அண்ணிக்கு முகம் சிவந்துபோனது. வாரை வாங்கிப் புரட்டுகளை மறுபடி எண்ணினாள். கொழுந்தனும் கூடவே எண்ணினான். அவளை எத்தனை கிண்டல் செய்தாலும், அவள் தோற்கக்கூடாது என்பது அவனுக்கு உயிர்.

"வண்டியை எடுக்கச் சொல்லு," என்றார் இன்ஸ்பெக்டர், பெண் போலீசிடம்.

"அது ஒடுக்கம்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பசையக்கா முக்காலியில் இருந்து எழுந்து நின்றிருந்தாள். கோபத்தில் அவள் கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"வேலை தெரியாதவங்க எதுக்கு மேஜையைத் தொடறீங்க? அது ஒடுக்க வார். சின்னச் சாமானுக்குப் போடறது. ஒடுக்கமா, தடிப்பா இருந்தா நுனியை விட்டாலும் விடாட்டியும் அதுவா அங்கங்க புரளும். அதோட குணம் அது. அன்னிக்கு மேஜையில இருந்தது அகல வார். பச்சைப் பெட்டியில இருக்கு. அகலமா, மெல்லிசா இருக்கறது புரளாது."

கொழுந்தன் பச்சைப் பெட்டியை நோக்கிப் பறந்தான். "தப்பு என்மேலதான் அண்ணி. பெட்டி பக்கத்துல இருந்துச்சு, எடுத்தேன்."

"இத்தனை வருஷத்துல நீ ஒத்துக்கிட்ட முதல் தப்பு," என்றாள் அண்ணி. "சீக்கிரம் மாட்டு."

"அவன் மாட்ட வேண்டாம்," என்றாள் பசையக்கா.

இன்ஸ்பெக்டர் தயங்கினார், பிறகு தலையசைத்தார். அவளே வந்து மாட்டினாள். வாரை இழுத்த விதமும் கவ்வியை முடுக்கிய விதமும் பார்த்த பிறகு, அந்தக் கவ்வி நழுவும் என்று சொல்ல யாருக்கும் வாய் வந்திருக்காது. கொக்கியைத் தட்டினாள். கவ்வி பறந்தது, தொங்கியது, தொங்கியபடியே கிறுகிறுவென்று சுழன்று நின்றது. சுருள் அடி முதல் நுனி வரை வலஞ்சுழி. இரண்டாவது வார் முழுக்க இடஞ்சுழி. மூன்றாவது மறுபடி வலஞ்சுழி. ஒன்றில்கூட நடுவில் புரட்டு இல்லை.

நாலாவது வாரின் நுனியை அண்ணி தன் முஷ்டியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கவ்வியைக் கழற்றி, சுவரை நோக்கி மெல்ல நடந்தாள். வார் அவள் கண் முன்னாலேயே பாதி இந்தப் பக்கமாகவும் பாதி அந்தப் பக்கமாகவும் முறுக்கிக்கொண்டது. நடுவில் ஒரே ஒரு புரட்டு. நோட்டில் தான் வரைந்த படத்தைப் பக்கத்தில் திறந்து வைத்தாள்.

இன்ஸ்பெக்டரின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. "சரி. யாரோ கழட்டியிருக்காங்க. அது இவளா ஏன் இருக்கக்கூடாது?"

"மேஜைக்காரங்க யாரும் இப்படிக் கழட்டமாட்டோம்," என்றாள் பசையக்கா. "நுனியை விரல்ல உருட்டிக்கிட்டே வருவோம். வாருக்கு முறுக்கு ஒரே பக்கமா ஏறணும்ல. நடுவுல புரண்டா அது கழிவு, தூக்கி எறியணும். வந்த முதல் நாள் கத்துக்கறதே அதுதான். முஷ்டியில பிடிச்சுக்கிட்டு வர்றவன் வாரைப் பார்த்துப் பயப்படறவன்."

"அடிச்சது முதல்ல," என்றாள் அண்ணி. "உதிரிக் கவ்வி ஒண்ணு கைக்குக் கிடைச்சிருக்கு. அதுக்கப்புறம் விபத்து மாதிரி காட்டணும். நிஜமாவே வாரை விட்டுப் பறக்க வெச்சிருந்தா நாம யாரும் கண்டுபிடிச்சிருக்க மாட்டோம். ஆனா முகத்துல அடிச்சிடுமோன்னு பயம். முஷ்டியில இறுக்கிப் பிடிச்சு, தளர்த்தி, மெதுவா நடந்து வந்து, ரத்தம் பட்ட கவ்வியை நுனியில மாட்டிப் பக்கத்துல போட்டாச்சு. மேஜையில இருந்த கவ்வி உதிரிக் கூடைக்குப் போயிடுச்சு."

"அற்புதமான கதை," என்றார் மாப்பிள்ளை. டீ டம்ளரை மேஜையில் டக்கென்று வைத்தார். "சார், நீங்களும் வாயைப் பிளந்துக்கிட்டு கேக்கறீங்களே. ஈரம் காயாத வாரை வெறுங்கையால பிடிச்சுக்கிட்டு எட்டடி நடப்பானா ஒருத்தன்? உள்ளங்கைத் தோல் பேந்து வந்துடாது?"

பசையக்காவின் முகம் வெளுத்துப்போனதைக் கொழுந்தன் பார்த்தான்.

"ஈரமா?" என்றாள் அண்ணி. "மேஜையில பத்துன்னு எழுதியிருக்கு. பத்து மணிக்கு ஒட்டினது ஒரு மணிக்கே காஞ்சிருக்கும். உங்க மாமனார் செத்தது ரெண்டரைக்கு மேல. ஈரம் எங்கிருந்து வந்துச்சு?"

"அது... அன்னிக்குப் பார்த்தேன்."

"வாசப்படியில நின்னுட்டேன், உள்ளேயே வரலன்னு சொன்னீங்க."

"பையில பார்த்தேன்."

"பை என் பீரோவுல இருந்தது," என்றார் இன்ஸ்பெக்டர். அவர் குரல் மாறிவிட்டது. "அன்னிக்கு அஞ்சு மணிக்கு நான் வந்தப்போ உறைஞ்சு கிடந்துச்சு, அப்பவே சீல் வெச்சேன். இன்னிக்குக் காலையில இவங்க ரெண்டு பேருக்கும்தான் பிரிச்சுக் காட்டினேன்."

அண்ணி மாப்பிள்ளையை விட்டுவிட்டுப் பசையக்காவைப் பார்த்தாள். "அந்த வார் சுருளோட சுருள் ஒட்டி உறைஞ்சு கிடக்கு. காஞ்ச வார் அப்படி ஒட்டாது. இதைத்தானே மூணு நாளா மென்னு முழுங்கறே?"

பசையக்கா உதட்டைக் கடித்தாள். சாவுப் பழியைச் சுமந்தபோது நிமிர்ந்தே இருந்த தலை இப்போது குனிந்தது.

"பத்து மணி வார்ல குமிழி விழுந்திருந்துச்சு. பிரிச்சு எறிஞ்சுட்டு ஒண்ணே முக்காலுக்குப் புதுசா ஒட்டினேன். பசி. சாப்பிட ஓடினேன். நேரத்தை அழிச்சு எழுத மறந்துட்டேன். பதினஞ்சு வருஷத்துல ஒரே தடவை."

"ஏன் சொல்லல?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நேரம் எழுத மறந்தவ கவ்வியை மட்டும் ஒழுங்கா முடுக்கியிருப்பாளான்னு கேப்பீங்க. கேக்கமாட்டீங்களா?"

இன்ஸ்பெக்டர் கேட்டிருப்பார். அவருக்கே அது தெரிந்ததால் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ஆக, வார் ஈரம்னு உலகத்துல ரெண்டே பேருக்குத்தான் தெரிஞ்சிருக்க முடியும்," என்றாள் அண்ணி. "ஒட்டினவளுக்கு. பிடிச்சவனுக்கு."

"தவளை தன் வாயால கெட்டுச்சு," என்று முணுமுணுத்தான் கொழுந்தன்.

மாப்பிள்ளை கதவைப் பார்த்தார். கதவு முன்னால் பெண் போலீஸ் நின்றிருந்தாள். "என்ன உளர்றீங்க எல்லாரும்? பட்டறைக்கு மாப்பிள்ளை நான். பசை ஈரமா இருக்கும்னு ஒரு பேச்சுக்குச் சொன்னா அது குத்தமா? எங்க, யாராவது பார்த்தீங்களா? சாட்சி இருக்கா?"

"கையை வெளியில எடுங்க," என்றாள் அவர் மனைவி.

அதுவரை சுவரோரம் நின்றிருந்த முதலாளி மகள் நாலடி முன்னால் வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"நீ வீட்டுக்குப் போ," என்றார் அவர்.

"மூணு நாளா நான்தான் மருந்து போடறேன். வென்னீர் கொட்டிடுச்சுன்னு சொன்னீங்க. வென்னீர்ல கொப்புளம் போடும். உங்க கையில கொப்புளம் இல்ல. பட்டை பட்டையா தோல் உரிஞ்சிருக்கு. அப்பவே கேட்டேன். வாயை மூடுன்னு சொன்னீங்க."

"நாக்கை அடக்கு. இல்ல..."

"இல்லன்னா?" அவள் கூந்தலை வாரிப் பின்னால் தள்ளினாள். இடது கன்னத்தில் கண்ணுக்குக் கீழே, ஆறிக்கொண்டிருக்கும் காயம் மஞ்சளும் நீலமுமாக இருந்தது. "இதையா? அன்னிக்குக் காலையில எங்கப்பா இதைப் பார்த்துட்டார் சார். மதியம் ஆளுங்க சாப்பிடப் போனதும் ஒட்டுற ரூமுக்கு வான்னு இவர்கிட்ட சொல்லிவிட்டார். என் பொண்ணு இனிமே என் வீட்டுலதான் இருப்பா, நீ மூட்டை கட்டுன்னு சொல்லத்தான் கூப்பிட்டார். எனக்கு எல்லாம் தெரியும். வீட்டு விஷயம், வெளியில போகக்கூடாதுன்னு மூடி மறைச்சேன். இந்தப் பொம்பளை மேல பழி விழுந்தப்போ எனக்கு நிம்மதியாக்கூட இருந்துச்சு. ஆள் கிடைச்சாச்சு, இனிமே வேற யாரையும் நினைக்க வேண்டாம்னு."

இன்ஸ்பெக்டர் மாப்பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்துப் பாக்கெட்டிலிருந்து இழுத்தார். அவர் திமிறினார், ஷூ வழுக்கியது, மேஜையில் இடித்துக்கொண்டு நின்றார். உள்ளங்கை விரிந்தது. குறுக்கே வாரின் அகலத்துக்குச் செக்கச்செவேலென்று ஒரு பட்டை. அதன் இரண்டு ஓரத்திலும் தோல் இல்லை.

"கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேண்டாம்," என்றாள் அண்ணி.

"அந்தாள் என்னை நாயேன்னு கூப்பிட்டார்," என்றார் மாப்பிள்ளை. அவர் அதற்கு மேல் சொன்ன எதுவும் கொழுந்தனின் நோட்டில் ஏறவில்லை. எழுதுகிற மாதிரி இல்லை. பசையக்காவை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு, வெளியே நாலு மணிக்காகக் காத்திருந்த வண்டியில் அவரை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அறையில் நாலு பேர் மிச்சம் இருந்தார்கள். பசையக்கா மேஜையில் கிடந்த நாலு அகலச் சுருள்களையும் எடுத்தாள். புரண்டதைத் தனியே எடுத்துக் கழிவுக் கூடையில் போட்டாள், நல்லதைப் பெட்டியில் வைத்தாள். பழக்கதோஷம். கையைத் துடைத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள். அண்ணிக்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை.

முதலாளி மகள் வழியில் நின்றிருந்தாள். நகரவில்லை.

"உன்னைத் தூக்குல போடச் சொல்லிக்கூட நான் கேட்டிருப்பேன்," என்றாள். "இப்ப உன்கிட்ட என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியும். வாய் வரமாட்டேங்குது. மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்ல."

பசையக்கா அவளுடைய கன்னத்துக் காயத்தைப் பார்த்தாள்.

"எனக்கும் மன்னிச்சுப் பழக்கமில்லம்மா," என்றாள். "வழி விடுங்க. நான் வீட்டுக்குப் போகணும்."

அவள் வழி விட்டாள்.